கழற்றிப் போட்டதை மறுபடி மாட்டும் காலம்

டீசல் மலிவாகக் கிடைத்த காலம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, மலேசியாவின் நிபோங் திபாலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் ஒன்றின் கீழே குனிந்து பார்த்தால் போதும். முன்சக்கர ஹப் பூட்டிய நிலையிலேயே துருவேறிக் கிடக்கும். டயர், கம்பெனி கொடுத்த அளவைவிடப் பெரிதாக இருக்கும். முன்மூடியைத் திறந்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலியாக இருக்கும். டீசல் பம்பில் முத்திரை உடைந்த திருகு ஒன்று தென்படும். எதையும் யாரும் அறியாமல் செய்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அன்று ஒரு காரணம் இருந்தது. லிட்டர் ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவாக விற்ற நாளில் அதனால் கூடிய செலவு யார் கண்ணுக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

2024 ஜூன் 10 அன்று எல்லார் கண்ணுக்கும் பட்டது. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் நிதியமைச்சர் அமிர் ஹம்சா அசிசான் அறிவித்தார். நள்ளிரவு தாண்டியதும் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. சரக்கு லாரிகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் தனி அட்டை வழி மலிவு விலை தொடர்ந்தது. சொந்தப் பெயரில் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால், ‘புடி மடானி’ திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. மானிய டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது, தொழிற்சாலைகளுக்குக் கள்ளத்தனமாகப் போகிறது, அதை நிறுத்தினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி வெள்ளி மிஞ்சும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கடத்தல் உண்மைதான், சீர்திருத்தம் தேவைதான். ஆனால் அட்டை உள்ள பெரிய லாரிக்கும் பெட்ரோல் ஊற்றும் காருக்கும் நடுவில், பழைய பிக்கப்பில் பிழைப்பை ஏற்றிப் போகிறவர்தான் அந்த இரவின் முழு அடியையும் வாங்கினார்.

அடுத்த நான்கு வாரத்துக்குள் எங்கள் வட்டாரத்தில் வாக்குப்பெட்டி வேறு வந்து நின்றது. நிபோங் திபால் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய சுங்கை பாக்காப் சட்டமன்றத்துக்கு ஜூலை 6 அன்று இடைத்தேர்தல். விலை ஏற்றத்துக்குப் பிறகு மலேசியாவில் நடந்த முதல் இடைத்தேர்தல் அது. எதிர்க்கட்சிக் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் முந்தைய ஆண்டு 1,563 வாக்கு வித்தியாசத்தில் வென்ற இடத்தை 4,267 வாக்கு வித்தியாசத்தில் தக்கவைத்தது. தண்ணீர்ப் பிரச்சினை, நெரிசல், வேட்பாளர் யார் என்பது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. டீசல் ஒன்றே காரணம் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் சாலையோர ஒட்டுக்கடைப் பேச்சில் டீசல் இல்லாத நாள் இல்லை.

இப்படி ஓர் அதிர்ச்சி இதற்கு முன்பும் வந்தது. 2008 ஜூன் 5 அன்று டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசுக்குத் தாவியது. அப்போது 2,500 சிசி வரையிலான பிக்கப்புகளுக்கும் 625 வெள்ளி கழிவு தரப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது, இங்கேயும் இறங்கியது, வண்டிகளின் பழக்கமும் பழையபடி திரும்பிவிட்டது. 2014 டிசம்பரில் மானியம் நீக்கப்பட்டதாக அறிவித்தபோதும் விலை 2 வெள்ளி 20 காசை ஒட்டியே நின்றது. பிறகு 2 வெள்ளி 18 காசு, 2 வெள்ளி 15 காசு என்று பல ஆண்டு கட்டிப்போட்டார்கள். ஆகவே வண்டியை மாற்றிச் சீர்படுத்த வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. 2024-தான் வரவழைத்தது.

இந்த ஊருக்குப் பிக்கப் எப்படி இவ்வளவு வேண்டியதாயிற்று என்பதற்கு மண்ணின் கதையைப் பார்க்க வேண்டும். கிரியான் ஆற்றங்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் வந்தன, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கலிடோனியா தோட்டத்தில் அதன் முதலாளிகளான ராம்ஸ்டன் குடும்பம் கட்டிய ‘99 கதவு வீடு’ இன்று இடிந்து கிடக்கிறது. தோட்டங்கள் துண்டாகி, நிலம் வீடமைப்புக்கும் பத்து காவான் தொழிற்பேட்டைக்கும் போன பிறகு, லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களில் பலர் சொந்தத் தொழிலுக்கு வந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றுவது, புல் வெட்டுவது, பழைய இரும்பு எடுப்பது, கலியாணச் சமையல், பந்தல், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம் என்று எதை எடுத்தாலும் அதற்கு முதல் முதலீடு ஒரு பழைய பிக்கப். லாரி வாங்கும் அளவுக்குப் பணமில்லை, மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. தோட்டத்தில் துரையின் வாகனமாக இருந்தது, தோட்டம் கலைந்தபின் தொழிலாளியின் பிள்ளைக்குச் சோறு போட்டது. அதனால்தான் இந்த வண்டியைப் புகை கக்கும் பழம்பொருள் என்று தள்ளிப் பேசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று பிக்கப் வாங்குகிறவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு இழுக்கும் என்பது. ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் குலை ஏற்றி, மழைக்காலத்துச் சேற்றில் வரப்பு ஏறி வெளியே வர வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸின் 2,446 சிசி ‘2எல்’ எஞ்சின் நம்பகமானது, ஆனால் இழுவையில் சாது. அது முன்னறை வகை. டீசல் நேரே சிலிண்டருக்குள் பாயாது, பக்கத்தில் உள்ள சின்ன அறையில் பற்றி, அங்கிருந்து வெளியே பாயும். அந்த அறைச் சுவர் வழியே வெப்பம் வீணாகும், அதனால் இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். இசுசுவின் 2,499 சிசி ‘4ஜேஏ1’ நேரடிப் பாய்ச்சல் எஞ்சின். ‘டீசல் மிச்சம் வேணும்னா இசுசு எடு, ஆயுசு வேணும்னா ஹைலக்ஸ் எடு’ என்ற தோரணையில் பட்டறைகளில் பேச்சு நடக்கும். எதை எடுத்தாலும் அடுத்த வேலை ஒன்றுதான். வண்டியைப் போமனிடம் (பட்டறை மெக்கானிக்) கொண்டுபோய், ‘அண்ணே, கொஞ்சம் பம்பு ஏத்திக் குடுங்க’ என்பது.

அவர் பம்பின் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று உள்ளே திருப்புவார். முழு மிதியில் பாயும் டீசலின் அளவு கூடும், இழுவை கூடும். எரிவதற்கு வேண்டிய காற்று கூடாததால், எரியாத மிச்சம் கறும்புகையாக வெளியேறும். டீசல் புகைக்கு 50 விழுக்காடு அடர்த்தி என்று 1996-இல் வந்த சட்டம் எல்லை வகுத்தது. சோதனை நடக்கும் நாளில் திருகைத் தளர்த்தி, மறுநாள் மறுபடி இறுக்கிய கதைகள் நிறைய உண்டு. இன்று அதே திருகை வெளியே திருப்பச் சொல்லி வண்டிகள் வருகின்றன. மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. அந்தக் கறும்புகை முழுவதும் காசு கொடுத்து வாங்கிய டீசல் என்பது இப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டின் கதை இன்னும் வருத்தமானது. எஞ்சின் தண்ணீர் 80 டிகிரி சுற்றி வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் சிறு கதவு அது. நம் நாட்டில் எதற்கு அது, குளிர்நாட்டுச் சாமான் என்று ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது. அதற்கும் காரணம் இருந்தது. கூலண்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். சுமையோடு ஈப்போ பக்கம் போகும் வண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் கொதித்து நிற்கும். அடைப்பை எடுக்க நேரமும் பணமும் வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியப் பத்து நிமிடம் போதும். கொதிப்பு நின்றுவிடும், போமனுக்கும் நல்ல பெயர்.

நின்றது கொதிப்பு மட்டும்தான். அடைப்பு அப்படியே இருக்கும், எஞ்சினோ என்றைக்கும் முழுச் சூடு அடையாமல் ஓடும். நிபோங் திபாலிலிருந்து பாரிட் புந்தார் போய் வருவது, ஜாவிக்குப் போய் வருவது என்று இங்கே பெரும்பாலும் குறுகிய ஓட்டம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அந்தத் தூரத்தில் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் சரியாக எரியாது. எண்ணெய் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும், தேய்மானம் கூடும். வெப்பமண்டலத்துக்கு இது தேவையில்லை என்பது தவறான எண்ணம். வெளிக்காற்று 33 டிகிரியாக இருந்தாலும் எஞ்சின் கேட்பது 80-க்கு மேல். பழைய பிக்கப்பில் டீசல் மிச்சம் பிடிக்க எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றி, புதுத் தெர்மோஸ்டாட் போட வேண்டும். மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டுத் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாட்டினால் எஞ்சின் வெந்துவிடும்.

ஹப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன்சக்கர நடுவில் கையால் திருகும் பூட்டு இருக்கும். சேற்றில் இறங்கும்போது பூட்டி, தார்ச்சாலைக்கு வந்ததும் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் முன் அச்சும் தண்டும் பல்சக்கரங்களும் சும்மா சுழன்றுகொண்டே வரும். தினமும் இறங்கித் திருகச் சோம்பல்பட்டுப் பூட்டியே வைத்துவிட்டார்கள். பூட்டு துருப்பிடித்து, பிறகு திருகினாலும் நகராத நிலைக்குப் போனது. கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

டயரில்தான் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அந்தக் கால ஹைலக்ஸோடு வந்த 205ஆர்16 போன்ற ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு, 31 அங்குலச் சேற்று டயர் மாட்டுவது 90-களில் தொடங்கிய மோகம். தோட்ட வேலைக்கு அது உதவியது உண்மை. ஆனால் அகலமான, கரடுமுரடான டயர் தார்ச்சாலையில் அதிகம் உரசும், எடையும் கூட. இன்னொன்று, பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் போகும், மீட்டருக்கோ அது தெரியாது. அந்த இரண்டு அளவுக்கும் இடையே விட்டத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு வித்தியாசம். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 106 ஓடியிருக்கும். ஆகவே பெரிய டயர் மாட்டியவர், வண்டி குடிக்கும் அளவை உள்ளதைவிட மோசமாகக் கணக்குப் போடுகிறார். வேகமும் மீட்டரில் குறைவாகத் தெரியும், அபராதச் சீட்டு வந்தால்தான் புரியும். இப்போது பலர் பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள். திரும்பும்போது கணக்கை இந்த 6 விழுக்காட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மாற்றியதால் வந்த லாபம் நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

பின்கதவு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பின்கதவை இறக்கிவிட்டால், அல்லது கழற்றிவிட்டு வலை கட்டினால், காற்று தடையில்லாமல் போகும், டீசல் மிஞ்சும் என்பார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாகச் சுற்றி நிற்கும், மேலே ஓடும் காற்று அந்தச் சுழலின்மீது வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். கதவைக் கழற்றினால் சுழல் கலைந்து இழுப்பு கூடும். எனவே மூடி வைப்பதே நல்லது, மேலே தட்டையாக விரிப்புக் கட்டினால் இன்னும் நல்லது. கூரைமேல் ஏணிக்கும் குழாய்க்குமாகப் பற்றவைத்த இரும்புச் சட்டம், முன்னால் மாட்டுக்கொம்பு போன்ற காவல் கம்பி, இருக்கைக்குப் பின்னால் என்றோ போட்டு மறந்த சங்கிலியும் பலகையும் எல்லாம் எடைதான். வண்டியில் 45 கிலோ கூடினால் எரிபொருள் ஒரு விழுக்காடு போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் பொதுக் கணக்கு. கூரைச் சட்டத்தால் நெடுஞ்சாலையில் போவது அதைவிடப் பல மடங்கு.

கழற்ற வேண்டியதும் திரும்ப மாட்ட வேண்டியதும் இவ்வளவு இருக்க, விலை ஏறும்போதெல்லாம் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லி யாராவது வந்துவிடுகிறார்கள். 2008-லும் வந்தார்கள், 2024-லும் வந்தார்கள். டீசல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை, தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும் போத்தல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை எடுத்துச் சோதித்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்ததாக எதையும் அது சொல்லவில்லை. மாதக் கடைசியில் கையில் இருக்கும் நூறு இருநூறு வெள்ளியை ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து இப்படிப் பறிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பணத்தில் காற்று வடிகட்டியும் டீசல் வடிகட்டியும் மாற்றி, எஞ்சின் எண்ணெயும் மாற்றியிருக்கலாம்.

இத்தனை நேரமும் ‘பழைய பிக்கப்’ என்று சொல்லும்போது முன்னறை எஞ்சினையே நினைத்துக்கொண்டு பேசினேன். ஆனால் பழசு என்பதே நகர்ந்துவிட்டது. 2005-இல் ‘புது மாடல்’ என்று எல்லாரும் திரும்பிப் பார்த்த ஹைலக்ஸ் வீகோவுக்கு இருபது வயதாகிவிட்டது. அதுதான் இன்று கைமாறும் பழைய பிக்கப். அதன் டி-4டி எஞ்சின் ‘காமன் ரெயில்’ வகை. பழைய எஞ்சினில் டீசலை விசிறும் நோசில் நூறு பார் சுற்றிய அழுத்தத்தில் திறக்கும். இதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், எவ்வளவு டீசல் எப்போது என்பதைக் கணினி தீர்மானிக்கும்.

அன்று பட்டறையில் நோய் கண்டுபிடித்தது காதும் கண்ணும் மூக்கும். நோசிலைக் கழற்றி, கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்ப்பார்கள். மெல்லிய பனிபோல் விசிறினால் நல்லது, தாரையாக ஒழுகினால் கெட்டது. பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் டீசல் பம்பு வேலை மட்டுமே பார்க்கும் பட்டறைகளுக்குத் தென் செபராங் பிறையிலிருந்து வண்டிகள் போகும். பம்பின் நேரத்தை முள்மானி வைத்து அளந்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சரிசெய்யும் கைகள் அங்கே இருந்தன. அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. இளைஞர்கள் பிழை கண்டறியும் கணினிச் செருகியோடு வருகிறார்கள். அவர்கள் படித்த வேலையும் உயர்ந்த வேலைதான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய எஞ்சின் கெட்டுப்போனால் புகைந்து காட்டிக்கொடுக்கும். காமன் ரெயில் எஞ்சினில் கணினி குறையை ஈடுகட்டிக்கொண்டே போகும். விளக்கு எரியாது, புகை வராது, டீசல் மட்டும் சத்தமில்லாமல் அதிகம் போகும். ஆகவே செருகியில் ‘பிழை இல்லை’ என்று வந்ததும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் திருப்பினால் தேய்ந்தது அதுதான். புகைக்கரி அடைத்த காற்றுக்குழாயையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எல்லையிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இருக்கிறது. இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகளும் ஊர்ப் பட்டறைகளும் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து, சிறுதோட்டக்காரர்களின் வண்டிகளை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

டாங்கிக்குள் ஊற்றும் டீசலும் அன்றைய டீசல் அல்ல. 2019 முதல் நம் நாட்டு டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். 2021 ஏப்ரலில் யூரோ 5 தரம் வந்தபோது கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. எங்கள் ஊர்க் குலையிலிருந்து பிழிந்த எண்ணெயின் ஒரு துளி, அதே குலையை ஏற்றிப் போகும் வண்டியில் எரிகிறது என்பது எனக்குப் பெருமைதான். செம்பனை எரிபொருளில் லிட்டருக்குச் சக்தி சற்றுக் குறைவு, பத்து விழுக்காடு கலப்பில் அந்த இழப்பு ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. அதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசல் தன் வழவழப்பை இழக்கும், பழைய பம்பு டீசலின் வழவழப்பை நம்பி உயிர்வாழ்வது. செம்பனைக் கலப்பு அதைத் திருப்பித் தந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது இரண்டு. இந்தக் கலப்பு டாங்கியின் பழைய கசடைக் கரைத்து வடிகட்டியில் கொண்டுவந்து சேர்க்கும், பழைய ரப்பர்க் குழாயை ஊதவைக்கும். வண்டி மேட்டில் மூச்சு வாங்கினால் பம்பைக் குறைசொல்வதற்கு முன் வடிகட்டியை மாற்றிப் பாருங்கள்.

ஓட்டுகிறவரின் கால்தான் எல்லாவற்றிலும் மலிவான மருந்து. ஜாவியில் நெடுஞ்சாலை ஏறி 110-இல் போவதும் 90-இல் போவதும் நேரத்தில் சில நிமிட வித்தியாசம். காற்றுத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சதுரமான முகம் கொண்ட பிக்கப்புக்கு இது காரைவிட அதிகமாக வலிக்கும். பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் 2014-இல் திறந்த பிறகு நம் வண்டிகளின் தூர ஓட்டம் கூடிவிட்டதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஒட்டுக்கடை வாசலில் ஏர்கண்டிஷன் ஓட எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பதும் மலிவு டீசல் கற்றுத்தந்த பழக்கம். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் அப்படியே போய்விடும். டயர்க் காற்றை மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கதவோரத்தில் ஒட்டிய அட்டையில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். சுமையோடு ஓடும் நாளுக்கு ஓர் அளவு, வெறும் வண்டிக்கு வேறு அளவு என்று அந்த அட்டையிலேயே இருக்கும்.

அன்று டாங்கி முள்தான் கணக்கு. இன்று பல வண்டிகளின் முன்பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருப்பதைப் பார்க்கிறேன். முழு டாங்கி ஊற்றிய தேதி, மீட்டர், லிட்டர், வெள்ளி. டீசல் நுரைக்கும், பம்பு ‘டிக்’ என்று நின்றாலும் டாங்கி நிறைந்திருக்காது. நுரை அடங்கும்வரை நின்று மறுபடி நிரப்பினால்தான் கணக்கு நிற்கும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யக் கூடாது, நாலைந்து டாங்கியின் சராசரியைப் பார்க்க வேண்டும். அந்த நோட்டு என்ன சொல்லும் என்று ஓர் உதாரணம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 312.5 லிட்டர் வேண்டும். மேலே சொன்னதையெல்லாம் செய்து 10-க்குக் கொண்டுவந்தால் 250 லிட்டர் போதும். மிஞ்சும் 62.5 லிட்டர், 2000-ஆம் ஆண்டு வாக்கில் லிட்டர் 70 காசு அளவில் விற்றபோது 44 வெள்ளிதான். 2 வெள்ளி 15 காசில் 134 வெள்ளி. 3 வெள்ளி 35 காசில் 209 வெள்ளி. 2024-இல் புடி மடானி தந்த 200 வெள்ளியைவிட அதிகம். அன்று போமன் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்தது அவர் தவறல்ல என்று நான் சொல்வது இதனால்தான். 44 வெள்ளிக்காக யார் ரேடியேட்டரைக் கழற்றுவார்கள்?

அந்த 200 வெள்ளியையும் அளந்து பார்த்துவிடலாம். விலை 1 வெள்ளி 20 காசு ஏறியபோது அது 166 லிட்டரின் கூடுதல் செலவை ஈடுகட்டியது. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியென்றால் மாதம் 1,500 கிலோமீட்டர். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம், குலை ஏற்றுகிறவருக்குப் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். 2024 முடிவதற்குள் விலை 3 வெள்ளிக்குக் கீழே வந்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இனி உலகச் சந்தையோடு ஏறும், இறங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது. நம் தலைமுறை நெடுங்காலம் கண்டது டீசல் பெட்ரோலைவிட மலிவாக விற்றதைத்தான், அதனால் பிள்ளையைப் பள்ளியில் விடவும், பசாருக்கும், கோயிலுக்கும், கலியாணத்துக்கும் பிக்கப்தான். 2024 ஜூனில் டீசல் ரோன்95 பெட்ரோலைவிட வெகுவாக விலை கூடியது. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியருக்கு மைகார்டு அடையாள அட்டை காட்டினால் ரோன்95 பெட்ரோல் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைத்தது, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர்வரை. டீசல் அப்போது அதைவிட ஏறக்குறைய ஒரு வெள்ளி கூடுதல். ஆகவே சுமை இல்லாத நாளில் பிக்கப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் மைவி காரையோ மோட்டார் சைக்கிளையோ எடுக்கிறார்கள். எந்தப் பட்டறை வேலையும் தராத மிச்சம் இதில் கிடைக்கிறது.

ஆனால் நிற்கும் வண்டிக்கும் கவனிப்பு வேண்டும், குறிப்பாகச் செம்பனைக் கலப்பு டீசல் ஊற்றிய வண்டிக்கு. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி டாங்கியோடு நிறுத்தினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும், நாள்பட்டால் பூஞ்சையும் பிடிக்கும். அதிக நாள் நிற்கப்போகிறது என்றால் டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை எஞ்சின் முழுச் சூடு அடையும்வரை சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள், வாசலில் வெறுமனே இயக்கி நிறுத்துவதில் பயனில்லை. மாதம் ஒருமுறை டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள்.